வேலைக்குப் போகிறவளும் வீட்டில் இருக்கிறவளும்

கரட்டூர் பைபாஸ் முக்கில், பேக்கரிக்கு எதிரே, பனை உயரத்துக்குச் சட்டம் அடித்து நிறுத்தியிருந்த கல்லூரி ஃப்ளெக்ஸிலிருந்து சிந்துஜா வேலைக்குப் போகத் தொடங்கியது ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. யாரும் வேலையில் சேருவது திங்கட்கிழமைதான் என்பதால் ஊருக்கு அதில் விசித்திரமாக ஒன்றும் படவில்லை. காலையில் பேக்கரியைத் திறந்து வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த தேவராஜ்தான் முதலில் பார்த்தார். 'வேலை பெற்ற எங்கள் மாணவச் செல்வங்கள்' என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே வரிசை வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்த முகங்களுக்கு நடுவில், ஒரு தலையும் இரண்டு தோளும் கத்தரித்து எடுத்தாற்போல, ஓர் இடம் வெள்ளையாகக் காலியாக இருந்தது. அதன் அடியில் சிந்துஜாவின் பேரும் அவள் படித்த பிரிவும் மட்டும் பழையபடி இருந்தன. மழை பட்டுச் சாயம் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர் பால் காய்ச்சப் போய்விட்டார்.

சாயங்காலம் ஈரோட்டுப் பஸ் வந்து போன பிறகு அண்ணாந்து பார்த்தால் அவள் திரும்பி வந்திருந்தாள். நெற்றிப் பொட்டு கொஞ்சம் நகர்ந்திருந்தது, காதோரத்து முடி கலைந்திருந்தது, நாள் பூராவும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கண்ணுக்குக் கீழே வருகிற கருப்பு அவளுக்கும் வந்திருந்தது. சிரிப்பு இருந்தது, ஆனால் அது வேலை முடித்து வந்தவர்கள் அடுத்தவருக்காகச் சிரிக்கிற சிரிப்பு.

"புள்ள வேலைக்குப் போயிட்டு வந்திருக்குதுங்," என்றார் தேவராஜ், டீ குடிக்க வந்தவர்களிடம்.

"முதல் நாளல்லோ, அலுப்பாத்தான் இருக்கும்," என்றார் அவர்களில் ஒருவர். அவ்வளவுதான். மறுநாள் காலையில் அந்த இடம் மறுபடியும் காலியானபோது, கரட்டூர்க்காரர்கள் அதை வைத்து மணி பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் போட்டோ எடுத்த கதை ஊருக்கே தெரியும். கல்லூரியில் கோட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வேலை கிடைத்த பிள்ளைகள் எல்லாரும் செமினார் ஹால் வாசலில் வரிசையாக நின்று, முன்னால் போனவர் கழற்றித் தந்த கோட்டை அவர் வியர்வை ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டார்கள். ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் துணி காயப்போடுகிற கிளிப்பை மாட்டி இறுக்கினார்கள், பருமனானவர்களைப் பட்டன் போட வேண்டாம், கையைக் கட்டிக்கொள் என்றார்கள். இப்படியாக எல்லாரையும் மார்பு வரைக்கும் படம் எடுத்தார்கள். கீழே இருந்த கசங்கின சுடிதாரும் தேய்ந்த ரப்பர் செருப்பும் போட்டோகிராபருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. மார்பு வரைக்கும் மட்டுமே இருக்கிறவள் எந்தக் காலால் பஸ் ஏறினாள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டால், எந்தக் கம்பெனிக்குப் போகிறாள் என்றும் கேட்க வேண்டி வரும்; அவள் அப்பா மாரப்பனிடம் அதைக் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஏனென்றால் நிஜத்து சிந்துஜா வீட்டில்தான் இருந்தாள். படிப்பு முடிவதற்கு முன்பே கல்லூரிக்கு வந்த பெரிய கம்பெனி ஒன்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது, நிஜம்தான். சேர வேண்டிய தேதியைப் பிறகு சொல்கிறோம் என்று அந்தக் கம்பெனி சொல்லியிருந்தது, அதுவும் நிஜம்தான். சித்திரையில் என்றார்கள், சித்திரை போய் ஆடி வந்தது, ஆடிக்காற்றில் ஃப்ளெக்ஸ் படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர தேதி வரவில்லை. மாரப்பன் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில் வெல்டர். ஃப்ளெக்ஸ் கட்டின அன்றைக்குப் பட்டறை ஆட்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போய், முக்கில் நிறுத்தி, கையை நீட்டிக் காட்டி, அத்தனை பேருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தவர். அதன் பிறகு தினமும் வேலை விட்டு வந்ததும், "மெயில் வந்துச்சா கண்ணு?" என்று கேட்பார். இல்லீங்ப்பா என்பாள். கேட்டுக் கேட்டு அவருக்கே கூச்சமாகி, ஒருநாள் கேட்காமல் விட்டார். அந்த ஒரு கேள்வி நின்றதோடு சாப்ட்டியா, தூங்கினியா, தலைவலி தேவலையா என்கிற மற்ற கேள்விகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கோபமெல்லாம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவள் இருக்கிற பக்கம் அவர் கண் போகாமல் ஆகிவிட்டது, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

புரட்டாசி பிறப்பதற்குள் ஃப்ளெக்ஸில் பாதிப் பேர் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். மெக்கானிக்கல் வரிசை மொத்தமும் விடிகாலையிலேயே கிளம்பிவிடும், ஃபேக்டரி ஷிப்டு அப்படி. கம்ப்யூட்டர் பிரிவுப் பிள்ளைகள் கொஞ்சம் நிதானமாகப் போய் நிதானமாக வந்தார்கள், ஒன்றிரண்டு பேர் ராத்திரி வேலைக்குப் போய்விட்டுப் பகலில் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஊர் இதற்கெல்லாம் தன்னை அழகாகப் பழக்கிக்கொண்டது. தேவராஜ் சாயங்காலப் போண்டாவை அவர்கள் திரும்புகிற நேரத்துக்குப் போட்டார். டவுன் பஸ் கண்டக்டர் முக்கில் வண்டியை ஒரு நிமிஷம் கூடுதலாக நிறுத்தி, யாரும் ஏறாவிட்டாலும் விசில் கொடுத்தார். ஆயுத பூஜைக்குப் பட்டறைக்காரர்கள் ஃப்ளெக்ஸ் சட்டத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வேலைக்குப் போகிற முகங்களுக்கு மட்டும் பெயர் சொல்லிச் சூடம் காட்டினார்கள். கல்லூரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இதைவிட நல்ல விளம்பரம் தங்களுக்கு அமையாது என்று சந்தோஷமாகப் போனார்கள்.

சில முகங்கள் மட்டும் அசையவே இல்லை. பகலெல்லாம் வெயிலில் கோட்டைப் போட்டுக்கொண்டு சும்மா சிரித்துக்கொண்டிருந்தன. அவர்களைப் பார்த்தால் ஊருக்கு இளக்காரம். பாவாயி மகன் தரணிதரன் அவர்களில் ஒருவன். பாவாயி சந்தையில் காய் விற்கிறவள். அவன் நிஜத்தில் ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்து, மாசம் தவறாமல் சம்பளம் அனுப்பிக்கொண்டிருந்தான். ஆனால் சந்தையில் அவளைப் பார்த்தவர்கள் எல்லாரும், "ஏம் பாவாயி, உம்பட பையன் போட்டோல சும்மாவேதான் நிக்கறானாமா?" என்று கேட்டார்கள்.

"அவன் ஓசூர்ல வேல பாக்கறானுங்," என்பாள்.

"அது செரி. இங்க போகக் காணமே."

கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள், எலுமிச்சம்பழம் மந்திரித்து ஃப்ளெக்ஸ் காலில் கட்டினாள், கடைசியில் போனில் ஓவென்று அழுது மகனை வரவழைத்தாள். அவன் நாலு நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவன், அம்மா விடாததால் அங்கேயே தங்கி, வேலையை விட்டான். விட்ட மறுநாள் ஃப்ளெக்ஸில் அவன் இடம் காலியானது. பாவாயி சொன்னபடி பொங்கல் வைத்தாள். மாரியம்மன் கண் திறந்துவிட்டாள் என்று ஊர் சொன்னது, சந்தையில் அவளுக்கு மறுபடியும் மரியாதை வந்தது. சமையல்கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்த தரணிதரனைப் பற்றி யாரும் பேசவில்லை.

சிந்துஜாவுக்கு மட்டும் விஷயம் விளங்கியது. தரணிதரனே போன் செய்து சொன்னான். "நாம சும்மா இருந்தாத்தான் சிந்து அவங்க வேலைக்குப் போறாங்க. நாம வேலைக்குப் போனா அவங்க சும்மா நின்னுக்குவாங்க. அம்மாகிட்டச் சொன்னா, அபசகுனமாப் பேசாத, வாய்ல அடிச்சுக்கோங்கறாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள், போனை வைத்தபின் ரொம்ப நேரம் அழுதாள்.

இந்தச் சமயத்தில்தான் ஊர் அவளை இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்தது. ஃப்ளெக்ஸில் இருக்கிறவள் 'வேலைக்குப் போகிறவள்'; ஓட்டு வீட்டில் இருக்கிறவள் 'வீட்டில் இருக்கிறவள்'. அக்கா தங்கச்சியைச் சொல்வது போலத்தான் சொன்னார்கள். "வேலைக்குப் போறவ வந்துட்டாளாட்ட இருக்குது, மாரப்பண்ணன் கிளம்பிட்டாரு பாரு" என்பார்கள். ரேஷன் கடையில் சிந்துஜாவைப் பார்த்தால், "நீ வீட்டுல இருக்கறவளா கண்ணு? வேலைக்குப் போறவ நல்லா இருக்கறாளா?" என்று விசாரிப்பார்கள். முதலில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பழகி, "நல்லா இருக்கறாளுங்" என்று சொல்ல ஆரம்பித்தாள். அம்மா ராசாமணி அதற்கும் பயந்தாள். "பகல்ல வெளிய வராத சாமி, பாக்கறவியளுக்குக் குழப்பமாயிருது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ராசாமணி கெட்டவள் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவள், அவ்வளவுதான்.

ஐப்பசியில் பெண் கேட்டு வந்தார்கள். வெள்ளக்கோயில் பக்கத்துக் குடும்பம், ஒறம்பரை, சொந்தக்கார வகையில் தெரிந்தவர்கள். வேலைக்குப் போகிறவளைத்தான் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, சிந்துஜா கொண்டுவந்த தட்டிலிருந்து முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே, "புள்ளய எப்பங்க பாக்கலாம்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஆறரைக்கு மேல வந்துருமுங்," என்றார் மாரப்பன்.

எல்லாரும் முக்குக்குப் போய் ஃப்ளெக்ஸுக்குக் கீழே பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். அவள் வந்ததும் மாப்பிள்ளை வெட்கத்தோடு அண்ணாந்து பார்த்தான். பிடித்திருக்கிறது என்றான். மாப்பிள்ளையின் அம்மா ஏணி போட்டு ஏறி, ஒரு முழம் மல்லிகையை அவள் தலைக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டு இறங்கி வந்தாள். வீட்டில் சிந்துஜா, அவர்கள் குடித்துவிட்டு வைத்த காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். தையில் பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது.

அவளுக்கு அந்த மாப்பிள்ளை மேல் ஆசை ஏதும் இல்லை. பூ மேலும் இல்லை. அவளை உடைத்தது வேறொன்று. தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்கப் போனவள், துப்பட்டாவை முகத்தோடு சுற்றிக்கொண்டு முக்கைத் தாண்டும்போது, அப்பா ஃப்ளெக்ஸுக்குக் கீழே நிற்பதைப் பார்த்தாள். வெல்டிங் பொறி பட்டு ஓட்டை ஓட்டையான சட்டை, தோளில் துண்டு, கையில் ஒரு பொட்டலம். அண்ணாந்து பேசிக்கொண்டிருந்தார்.

"சாப்ட்டியா கண்ணு? மத்தியானம் என்ன, கேன்டீன் சோறா? அது வவுத்துக்கு ஆகாதே. கண்ணெல்லாம் செவந்து கெடக்குது. ராத்திரிக்கு நேரமா தூங்கோணும் தெரியுதா? யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்கன்னா மனசுல வெச்சுக்காத. அப்பங்கிட்டச் சொல்லு."

தினமும் இப்படித்தான் பேசுகிறார் என்று தேவராஜ் பெருமையாகச் சொன்னார். அவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. அவள் ஜாக்கெட்டை வாங்காமலே திரும்பி வந்தாள். இத்தனை மாசமாக அந்த மாதிரி ஒரே ஒரு வார்த்தைக்காக அவள் அந்த வீட்டில் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்குப் பாசம் வற்றிவிட்டது என்று நினைத்திருந்தாள். வற்றவில்லை. முக்கு வரைக்கும் போய் அங்கேயே செலவாகிவிட்டு வெறுங்கையோடு வீடு வருகிறது. இதைத் தெரிந்துகொண்டபின் வீட்டில் உட்கார்ந்திருப்பது முன்னைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஈரோட்டில் ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். அவளோடு படித்தவள் ஒருத்தி அங்கே ஏற்கெனவே பில் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி அதே கடையில் குழந்தைத் துணி. கம்பெனித் தேதி இனி வராது என்பது அவர்கள் மூவருக்கும் தெரியும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. சிந்துஜா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

அப்பாவிடம் சொல்லாமல் போக அவளுக்கு மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது, பக்கத்தில் துண்டோடு நின்று சொன்னாள்.

"அப்பா, ஈரோட்டுல ஜவுளிக்கடைல வேலைக்குச் சேந்துக்கறனுங்."

"ம்." துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டார். "போயிட்டு வா. வீட்டுல சும்மா இருக்கறதுக்கு அதாவது ஆச்சு."

"நான் போனா அவ போக மாட்டாளுங்ப்பா."

"யாரு?"

"வேலைக்குப் போறவ."

மாரப்பன் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்து அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது, அதனால் அந்தச் சிரிப்புக்கே அவளுக்குக் கண் கலங்கியது. "அவ என்ன உன்னாட்டவா? கம்பெனி வேல. உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? சத்தங்காட்டாம பொட்டாட்டப் போயிட்டு வருவியா," என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போய்விட்டார். ராசாமணிக்கு மட்டும் முகம் செத்துப்போனது. பாவாயி வீட்டில் நடந்தது அவளுக்கும் கொஞ்சம் புரிந்திருந்தது. ஆனால் மகளைப் போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, போ என்று சொல்லவும் வரவில்லை. புடவைக்கு மடிப்பு வைத்துக் கட்டத் தெரியாத மகளுக்குக் காலையில் எழுந்து கிளிப்பச்சை யூனிஃபார்ம் புடவையைக் கட்டிவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை சிந்துஜா நாள் முழுக்க நின்றாள். புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டினாள், மடித்தாள், மறுபடியும் பிரித்தாள். வந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வேறு காட்டச் சொன்னார்கள். உட்காரக் கூடாது என்றில்லை, உட்கார நேரம் வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தபோது கணுக்காலில் செருப்பு வார் பதிந்து வீங்கியிருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். இத்தனை நாளும் அவள் பேரில் இன்னொருத்தி அல்லவா அலுத்துப்போய் வந்துகொண்டிருந்தாள். இந்த வலி தன்னுடையது என்று நினைக்கையில் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

வீட்டு வாசல் நிறையச் செருப்பு. உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். இழவு வீடு மாதிரி யாரும் உரக்கப் பேசவில்லை. மாரப்பன் நடுக்கூடத்தில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

"காலைல இருந்து போகலீங்களாமா," என்று ஒருத்தி அவள் காதில் சொன்னாள். "மூஞ்சி பளிச்சுனு, பொட்டு நகராம, அப்படியே நிக்குதாமா. வேல போயிருச்சாட்ட இருக்குது. பாவம், எவ்வளவு சூட்டிகையான புள்ள."

வெள்ளக்கோயில்காரர்கள் மத்தியானமே போன் செய்து, தை அவசரமில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்களாம். பாவாயி ஒரு சீப்பு பழத்தோடு வந்து மாரப்பனுக்கு ஆறுதல் சொல்லி, மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். பட்டறை ஆட்கள் வாசலில் நின்று, எங்கே பார்த்தாலும் ஆள் குறைக்கிறார்களாம் என்று பேசிக்கொண்டார்கள். கிளிப்பச்சைப் புடவையும் நெஞ்சில் பெயர் அட்டையுமாக, வீங்கின காலோடு நின்ற சிந்துஜாவை ஒருவரும் இன்றைக்குக் கடை எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. வந்தவர்களுக்கு டீ வைக்கச் சொன்னாள் ராசாமணி. அவள் போய் வைத்தாள். அடுப்படியில் வைத்து அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நாளைக்குப் போகாமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். படுத்தபின் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தரணிதரன் வெங்காயம் உரிப்பதையும் நினைத்தாள். விடிந்ததும் எழுந்து புடவையைத் தானே கட்டிக்கொண்டாள். மடிப்பு கோணலாகத்தான் வந்தது.

முக்கில் கூட்டம். மெக்கானிக்கல் வரிசை எப்போதோ போயிருந்தது, கம்ப்யூட்டர் வரிசையில் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தது. சிந்துஜாவின் இடத்தில் வேலைக்குப் போகிறவள் போகாமல் இருந்தாள். கலையாத முடி, முதல் நாள் போட்டோவில் இருந்த அதே பளபளப்பு. அவளுக்குக் கீழே மாரப்பன் நின்றார். பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டார் போல, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். பஸ்ஸுக்காக வந்த சிந்துஜா கூட்டத்தில் அவருக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து நிற்கும்படி ஆகிவிட்டது.

"அழுகாத கண்ணு," என்றார் அவர் மேலே பார்த்து. ஃப்ளெக்ஸ்காரி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அப்பாவின் கண்ணுக்குத்தான் அவள் அழுதாள். "வேலதான, போனாப் போயிட்டுப் போகுது. உன்னைய வேலைக்கா பெத்தோம்? எவன் என்ன சொன்னா நமக்கென்ன. இந்த வெயில்ல இங்க நிக்காத, வீட்டுக்கு வந்துரு. எத்தன வருசமானாலும் பொட்டாட்ட உக்காந்திரு, ஒருத்தன் ஒரு வார்த்த கேக்க உடமாட்டன். அப்பன் இருக்கறன் கண்ணு. வந்துரு."

கூட்டத்தில் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சித்திரையிலிருந்து சிந்துஜா காத்திருந்த வார்த்தை இதுதான், ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இதுதான். அது தனக்கில்லை என்று தெரிந்தும், அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"சரிங்ப்பா," என்றாள்.

மாரப்பனின் முதுகு சிலிர்த்தது. அவர் திரும்பவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "பேசிருச்சுங்! கேட்டீங்களா? எம்புள்ள பேசிருச்சுங்! வர்றேனு சொல்லிருச்சு!" என்று கூவினார். தேவராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். எல்லாரும் மேலே பார்த்தார்கள். ஈரோட்டுப் பஸ் வந்து நின்றது, கண்டக்டர் விசில் கொடுப்பதற்குள் அவள் ஏறிக்கொண்டாள்.

அன்றைக்குக் கடையில் முகூர்த்தக் கூட்டம். புடவை எடுத்துப் போட்டுக்கொண்டே அவள் அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எப்படி இருந்தாலும் வரச் சொன்னது அப்பா, வருகிறேன் என்று சொன்னது நான்தான். கூட்டத்தில் முகம் தெரியாவிட்டால் என்ன, குரல் தெரிந்திருக்கிறதே, பொழுது போகப் போக அவருக்கே விளங்காமலா போகும் என்று நினைத்தாள். நினைக்க நினைக்க அது அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்து, பொட்டை நேராக வைத்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரம். வீட்டு வாசல் மெழுகிக் கோலம் போட்டிருந்தது. உள்ளிருந்து கறிக்குழம்பு வாசம் வந்தது. செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள். கூடத்தில் புதுப் பாய் விரித்து, பக்கத்து வீட்டு டேபிள் ஃபேனை வாங்கி வந்து வைத்திருந்தார்கள். மாரப்பன் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தார். தூரத்தில் அவள் வருவது தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. அவளுக்குக் கால் வலி மறந்துபோனது, கடைசி நாலு வீட்டை ஓட்டமும் நடையுமாகக் கடந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

அவர் அவள் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்தார். கழுத்தை நீட்டி, முக்கு வரைக்கும் பார்த்தார்.

"வர்ற வழியில அவளப் பாத்தியா?" என்று கேட்டார்.

அடுப்படி வாசலில் ராசாமணி கரண்டியோடு நின்றாள். இதை இப்போது சொல்லிவிடலாம், சொன்னால் அப்பா தாங்குவாரா என்று சிந்துஜா அவர் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு பக்கத்தில் அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. இந்தச் சில மாசத்துக்குள் கிழவனாகியிருந்தார்.

"பாத்தனுங்ப்பா," என்றாள். "பின்னாடி வந்துட்டிருக்கறா."

"மெதுவா வரட்டும், அலுத்துப் போயிருப்பா," என்று சொல்லி, அவள் உள்ளே போகக் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார். "கதவச் சாத்தாத."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பாயில் கால் படாமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.